வீட்டு டயாலிசிஸ்: புதிய சீட்டும் பழைய பெட்டியும்

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளின் இல்லங்களுக்குச் செல்லும் எங்கள் செவிலியர்கள் முன்போல் தடித்த கோப்புகளைச் சுமந்து செல்வதில்லை. அவர்களிடம் ஒரு கைப்பேசி இருக்கிறது. முந்தைய நாள் மாலை மருத்துவமனையில் நாங்கள் எழுதிய மாற்றத்தை மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள். இதைக் கண்ட குடும்பத்தினர் பலர் எங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள்: “எங்கள் சீட்டு அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதை வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள்?” இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை கூறுவதோடு, இந்த ஏற்பாட்டில் குடும்பத்தினரின் பங்கு என்ன என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

சீட்டு ஏன் அடிக்கடி மாறுகிறது?

வயிற்றுவழி டயாலிசிஸில், வயிற்றின் உள்ளே அமைந்துள்ள மெல்லிய சவ்வே வடிகட்டியாகப் பயன்படுகிறது. குழாய் வழியே கரைசலை உட்செலுத்தி, சில மணி நேரம் வைத்திருந்து, பின்னர் வெளியேற்றுகிறோம். பெரியவர்கள் பலருக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2 லிட்டர் என நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை இது நடைபெறும். பொதுவாகப் பயன்படும் கரைசல்களில் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரை 1.5, 2.5, 4.25 விழுக்காடு என்ற மூன்று செறிவுகளில் கலந்திருக்கும். செறிவு கூடக்கூட உடலிலிருந்து வெளியேறும் நீரும் கூடும்.

கால் வீங்கி எடை ஏறியிருந்தால், நாங்கள் ஒரு பையின் செறிவை உயர்த்துவோம். வீக்கம் வடிந்ததும் மீண்டும் குறைப்போம். குறைத்த பிறகும் செறிவு மிகுந்த பையே தொடருமானால் உடலில் நீர் வறண்டு, இரத்த அழுத்தம் தாழ்ந்து, தலைசுற்றல் உண்டாகும். உயர்த்த வேண்டிய நேரத்தில் பழைய பையே தொடர்ந்தால் நீர் தேங்கி மூச்சுத்திணறல் வரலாம். ஆகவே இந்தச் சிகிச்சையில், கையிலிருக்கும் சீட்டு எந்தத் தேதியைச் சேர்ந்தது என்பது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

கணினி செய்யும் வேலை

மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதி மின்கையொப்பம் இட்டவுடன், அது மருத்துவமனையின் ஆவணக் களஞ்சியத்தில் சேர்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆய்வக அறிக்கைகள், ஒப்புதல் படிவங்கள் ஆகியனவும் அங்கேயே உள்ளன. செவிலியரின் கைப்பேசியில் உள்ள வீட்டு வருகைச் செயலி தனியானது. முன்பு இவ்விரண்டுக்கும் இடையே மனிதர்களே பாலமாக இருந்தனர். ஒருவர் சீட்டை நகலெடுப்பார். மற்றொருவர் தொலைபேசியில் படித்துக் காட்டுவார். வேறொருவர் கரைசல் பைகள் அனுப்பும் பிரிவுக்குத் தகவல் சொல்வார்.

இப்போது அந்தப் பாலத்தைக் கணினி ஏற்றுள்ளது. புதிய சீட்டு களஞ்சியத்தில் சேர்ந்ததும், வருகைப் பணி ஒன்று தானாகவே உருவாகிச் செவிலியரைச் சேர்கிறது. அதனுடன் புதிய சீட்டு இணைக்கப்பட்டு, பழைய சீட்டு செயலியிலிருந்து விலக்கப்படுகிறது. பைகள் அனுப்பும் பிரிவுக்கும் அதே நேரத்தில் தகவல் செல்கிறது. வருகை முடிந்ததும் செவிலியர் பதிவு செய்யும் எடை, இரத்த அழுத்தம், வெளியேறிய நீரின் அளவு, குழாய் வெளிவரும் இடத்தின் படம் ஆகியவை நோயாளியின் கோப்புக்குத் திரும்பி வருகின்றன. இரத்த அழுத்தம் நாங்கள் குறித்த எல்லையைக் கடந்தால் பணியிலிருக்கும் மருத்துவருக்கு எச்சரிக்கை வருகிறது.

கணினி பெயரை வைத்து நோயாளியை அடையாளம் காண்பதில்லை. ஒரே வாரத்தில் மூன்று லட்சுமிகளும் நான்கு முருகன்களும் வந்துபோகும் இடம் இது. மருத்துவமனைப் பதிவு எண்ணே அதற்கு ஆதாரம். வெளி ஆய்வகத்திலிருந்து நீங்கள் கொண்டுவரும் அறிக்கை கணினிக்கு வெறும் படமே. பதிவு எண் இல்லையெனில் அது யாருடைய கோப்பில் சேர வேண்டும் என்பதை ஒருவர் பார்த்து முடிவு செய்யும்வரை காத்திருக்கும்.

கணினி காணாத அலமாரி

வீட்டு வருகை ஒன்றில் நாங்கள் அறிந்த நிகழ்ச்சி இது. மூதாட்டி ஒருவருக்கு இரவுப் பையின் செறிவை 2.5 இலிருந்து 1.5 ஆகக் குறைத்திருந்தோம். சீட்டு மாறியது, செயலியில் மாறியது, புதிய பைகளும் வீடு போய்ச் சேர்ந்தன. கணினியின் கணக்கில் எல்லாம் நிறைவேறிவிட்டது. ஆனால் வீட்டு அலமாரியில் பழைய 2.5 விழுக்காட்டுப் பெட்டி ஒன்று பாதி மீதம் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய மருந்தை வீணாக்க மனம் வராத மருமகள், அதை முதலில் தீர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்கலாம் என்று எண்ணினார். நான்காம் நாள் விடியற்காலையில் மூதாட்டி குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். நல்வேளையாக எலும்பு முறியவில்லை; சிகிச்சைக்குப் பின் நலமடைந்தார்.

அந்த மருமகளைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் எவரும் அவ்வாறே எண்ணியிருப்பர். இந்நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்தியது ஒன்று: எழுதப்பட்டதை மட்டுமே கணினி கொண்டுசெல்லும். அலமாரியில் இருப்பதும், பக்கத்து ஊர் மருத்துவர் வாய்மொழியாக நிறுத்தச் சொன்ன மாத்திரையும், யாரேனும் எழுதிச் சேர்க்காதவரை அதற்குத் தெரியாது. இப்போது வருகைப் படிவத்தில் “வீட்டில் மீதமுள்ள பைகள்: எந்தச் செறிவில் எத்தனை?” என்ற கேள்வி இடம்பெற்றுள்ளது. அதற்கு விடை எழுதாமல் செவிலியரால் வருகையை முடிக்க இயலாது. சீட்டில் இல்லாத செறிவு வீட்டில் இருந்தால், அப்பைகளைத் தனியே கட்டி, “கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்” என்று எழுதி வைக்கிறோம்.

யார் பார்க்கிறார்கள்?

செவிலியரின் கைப்பேசியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் விவரங்கள் மட்டுமே தெரியும். பைகள் அனுப்பும் பிரிவுக்கு முகவரியும் பைகளின் விவரமும் மட்டுமே செல்லும்; நோய்க்குறிப்புகள் செல்வதில்லை.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 27.9.2021 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அதன் கீழ் வழங்கப்படும் 14 இலக்க ஆபா எண்ணை வைத்திருப்போர், தம் ஆவணங்களை வேறு மருத்துவமனையுடன் பகிர ஒப்புதல் அளிக்கலாம். அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம். இந்த எண்ணைப் பெறுவது அவரவர் விருப்பம். மேலும், 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவரது சார்பாளரோ மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

1. பைகள் வைத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு சீட்டை ஒட்டுங்கள். புதியது வந்ததும் பழையதைக் கிழித்துவிடுங்கள்.

2. செவிலியர் வந்ததும், “தங்கள் கைப்பேசியில் உள்ள சீட்டின் தேதி என்ன?” என்று கேளுங்கள். சுவரில் உள்ள தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் அடுத்த பையை இணைக்கும் முன் எங்களை அழையுங்கள்.

3. பையை இணைக்கும் முன் அதன்மேல் அச்சிட்டுள்ள செறிவையும் காலாவதித் தேதியையும் உரக்கப் படியுங்கள். கண்பார்வை குறைந்தவருக்கு வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளைகூட இதைப் படித்துச் சொல்லலாம்.

4. வெளியில் எடுத்த ஒவ்வொரு அறிக்கையின் மேற்புறத்திலும் மருத்துவமனைப் பதிவு எண்ணை எழுதுங்கள்.

5. வேறு மருத்துவர் மருந்தை மாற்றினால், அதை எழுதி வாங்கிச் செவிலியரிடம் காட்டுங்கள்.

அவசரத்தில் செயலியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தொடர்பு கிடைக்காத ஊர்களில் செவிலியர் செய்யும் பதிவு, அவர் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த பிறகே எங்களை அடையும். வெளியேறும் நீர் கலங்கியிருந்தாலும், வயிற்றுவலியோ காய்ச்சலோ இருந்தாலும், அது வயிற்றுச் சவ்வில் தொற்று ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இரவு, பகல் பாராமல் உடனே தொலைபேசியில் அழைத்து, கலங்கிய நீருள்ள பையைக் கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

அடுத்த வருகைக்கு முன் ஒருமுறை உங்கள் அலமாரியைத் திறந்து, இருக்கும் பைகளைச் செறிவுவாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். செவிலியர் கேட்கும்போது அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.