நூறு கேட்டார்கள், முப்பத்தாறு செய்தார்

1962-இல் என்ஸோ ஃபெராரிக்கு இருந்த தலைவலியை இன்று அவர் பெயரில் நடக்கும் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சொன்னால் சிரிப்பார்கள். கார்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்பதுதான் அந்தத் தலைவலி. ஜிடி பிரிவில் பந்தயம் ஓட வேண்டுமென்றால் ஒரு மாடலில் பன்னிரண்டு மாதங்களுக்குள் 100 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதி. நூறு பந்தயக் கார்களைச் செய்தால் வாங்க ஆள் வேண்டாமா?

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இது புதுக் கார் அல்ல, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் 250 ஜிடி காருக்குப் புது உடல் மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான் என்றார். உடலை மாற்றிக்கொள்ள விதியில் இடமிருந்தது. கூட்டமைப்பும் தலையசைத்தது. சோதிக்க வந்த அதிகாரிகளிடம் அதே கார்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டி நூறு என்று கணக்குக் காட்டினார்கள் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. சுவையான கதைதான். ஆனால் காகிதத்திலேயே வேலை முடிந்துவிட்ட பிறகு அந்தச் சிரமம் எதற்கு?

இப்படி 1962 முதல் 1964 வரை பிறந்தவை 36 கார்கள். பெயர் 250 ஜிடிஓ. அந்த மூன்று ஆண்டுகளும் ஜிடி பட்டம் ஃபெராரிக்கே. அதே தந்திரத்தை அடுத்த மாடலான 250 எல்எம்முக்கும் செய்து பார்த்தபோது கூட்டமைப்பு மசியவில்லை. கோபித்துக்கொண்ட என்ஸோ, 1964-இன் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் தன் கார்களை இத்தாலியின் சிவப்பில் ஓட்டாமல், அமெரிக்க அணியின் பெயரில் நீலமும் வெள்ளையும் பூசி அனுப்பினார். ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்றது அந்த நிறத்தில்தான்.

ஜிடிஓவின் கதவைத் திறந்து பார்த்தால், கோடீஸ்வரர்கள் ஏங்கும் கார் இதுதானா என்று தோன்றும். கண்முன் பெரிதாக ஒரே ஒரு மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட. ஸ்பீடோமீட்டர் கிடையாது, பந்தயம் ஓட்டுபவருக்கு அது எதற்கு? நீலத் துணி போர்த்திய இருக்கைகள். சறுக்கித் திறக்கும் பிளாஸ்டிக் ஜன்னல்கள். கியர் கம்பி அலைவதற்கு மூடாத உலோகத் தடங்கள். முன்மூக்கில் அரைவட்டமாக மூன்று துளைகள். குளிர்காலத்தில் மூடிவைக்கலாம், எஞ்சின் சூடேறினால் மூடியைக் கழற்றிவிடலாம். மூன்று லிட்டர், 12 சிலிண்டர், ஆறு வெபர் கார்பரேட்டர்கள், ஏறத்தாழ 300 குதிரைத்திறன். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உடலைச் செய்தார்கள் மோடெனாவின் ஸ்காலியெத்தி பட்டறையில். அதனால் இரண்டு கார்களை அருகருகே நிறுத்தினால் வளைவுகள் அச்சு அசலாகப் பொருந்தாது.

அமெரிக்காவில் அன்றைய விலை சுமார் 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது, என்ஸோவின் சம்மதமும் வேண்டும். அவ்வளவு கெடுபிடி செய்து விற்ற காரை அடுத்த சில ஆண்டுகளிலேயே சீந்துவாரில்லை. பந்தயத்தில் எஞ்சினைப் பின்னால் வைத்த கார்கள் முந்திக்கொண்டு போக, முன்னால் எஞ்சின் வைத்த ஜிடிஓ வெறும் பழைய பந்தயக் கார் ஆகிவிட்டது. சத்தம் அதிகம், சூடு அதிகம், ஊருக்குள் ஓட்டத் தோதுப்படாது.

டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வந்தர் ஒருவர் தன்னிடமிருந்த ஜிடிஓவை உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். மெக்கானிக் வகுப்பு மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகட்டும் என்று! 1972-இல் பள்ளி அதைச் சுமார் 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஓஹையோவில் ஒரு வயல்வெளியில் டிரெய்லரோடு நிறுத்திவைத்தார். மழையும் பனியும் பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. காயலான் கடைக்குப் போகாமல் தப்பியதே அதிர்ஷ்டம். 1977-இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டிரம்மர் நிக் மேசன் 37,000 பவுண்டு அளவில் ஒரு ஜிடிஓ வாங்கியபோது, அது பைத்தியக்காரத்தனமான செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

1988 ஆகஸ்டில் என்ஸோ காலமானார். ஜப்பானியப் பணம் உலகச் சந்தையில் பாய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே ஒரு ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டிக் கைமாறியது. குமிழி உடைந்ததும் தொண்ணூறுகளின் நடுவில் முப்பது லட்சம் டாலர் அளவுக்கு விழுந்தது. பிறகு ஏறியது ஏறியதுதான். 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டெரே ஏலத்தில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 340 கோடி ரூபாய். அந்தக் காரின் உடல் 1962-இல் பிறந்ததல்ல. 1964-இல் அதே ஸ்காலியெத்தி பட்டறையில் மாற்றப்பட்டது. பந்தயக் கார்தானே, புது வடிவம் வேகமாகப் போகும் என்றால் பழையதைக் கழற்றி எறிவார்கள். இன்று அந்த மாற்றமும் வரலாறு, அதற்கும் விலை உண்டு.

எண்ணிக்கை குறைவு மட்டுமே இந்த விலைக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தே செய்து யாரும் திரும்பிப் பார்க்காத கார்கள் எத்தனையோ உண்டு. இந்த 36-க்கும் சேஸிஸ் எண்படி ஜாதகமே இருக்கிறது: எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார், எத்தனையாவதாக வந்தது, எங்கே முட்டியது, பிறகு யார் கைக்குப் போனது என்று எல்லாம். வாங்குபவர் அந்த ஜாதகத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். கூடவே, மற்ற ஜிடிஓ உரிமையாளர்கள் கூடிக் கார் ஓட்டும் விழாக்களுக்கு அழைப்பும் கிடைக்கும். அந்த அழைப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க முடியாது.

காருக்கு மட்டுமல்ல, அதன் வடிவத்துக்கும் உரிமைப் போராட்டம் நடந்தது. 2019-இல் இத்தாலியின் போலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவம் கலைப்படைப்பு, நகல் செய்யக் கூடாது என்றது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம், பயன்படுத்தாத வணிகச்சின்னம் என்று சொல்லி அதே வடிவத்தின் மேல் ஃபெராரிக்கு இருந்த உரிமையில் பெரும்பகுதியை ரத்து செய்தது.

இன்று ஃபெராரியின் தலைமையகமான மாரனெல்லோவில் கணக்கு தலைகீழ். எண்ணிக்கையை முதலில் அறிவித்துவிட்டுத்தான் காரையே காட்டுகிறார்கள். 2002-இல் வந்த என்ஸோ காருக்கு முதலில் 349 என்றார்கள், கேட்பவர்கள் கூடியதும் 399 ஆனது. நானூறாவது இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவருக்குப் பரிசாகப் போய், சுனாமி நிவாரணத்துக்காக ஏலத்தில் விடப்பட்டது. பிறகு வந்த லாஃபெராரி காருக்கு 499 என்றார்கள். 2016-இல் இத்தாலிய நிலநடுக்க நிவாரணத்துக்காக ஐந்நூறாவதும் வந்து 70 லட்சம் டாலருக்குப் போனது. 2024-இல் அறிவித்த எஃப்80 காருக்கு எண்ணிக்கை 799. அன்று 36-ஐ நூறு என்று நம்பவைக்கப் பாடுபட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கில் செய்வதை அரிது என்று நம்பவைக்கிறார்கள், நாமும் நம்புகிறோம்.

இந்தப் புதுக் கார்களைக் குறை சொல்ல முடியாது. வேகத்தில் ஜிடிஓவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் வாங்கியவர்களில் பலர் ஓட்டுவதில்லை. ஓடிய கிலோமீட்டர் கூடக் கூட மறுவிற்பனை விலை இறங்கும் என்ற பயம். ஜிடிஓ உரிமையாளர்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஏற்கெனவே அடிபட்டு, உடல் மாறி, பள்ளிக்கூடம் வரை போய் வந்த காரில் இன்னும் நூறு கிலோமீட்டர் கூடினால் என்ன? இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தடத்தில் இன்றும் ஜிடிஓக்களை நிஜமாகவே போட்டிக்கு விடுகிறார்கள். எங்காவது உரசி அலுமினியம் நசுங்கினால், அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்ததுபோலவே சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்கிறார்கள்.