முதுகில் ஏறும் படகு

வத்தேகமவில் இருப்பவர்களுக்கு நக்கிள்ஸ் மலையும் பழக்கம், விக்டோரியா நீர்த்தேக்கமும் பழக்கம். மலைக்குப் போகிறவர்கள் பன்வில, ஹுலுகங்க வழியாகத் தங்கப்புவ தோட்டத்துக்கு ஏறுவார்கள். தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள் தெல்தெனியப் பக்கம் இறங்குவார்கள். இரண்டையும் ஒரே பயணமாகச் செய்பவர்கள் அரிது. குறுக்கே நிற்பது படகுதான். சாதாரண கயாக் மூன்று நான்கு மீற்றர் நீளம், இருபது கிலோவுக்கு மேல் எடை. கரையேறிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எந்த மலைக்குப் போவது?

இதற்கு விடையாக வந்ததுதான் பேக்ராஃப்ட். காற்றடைத்து மிதக்கவிடலாம், காற்றை விட்டுச் சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கிவிடும். எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு கிலோ.

பிரித்தானியக் கடற்படை அதிகாரி பீட்டர் ஹால்கெட் 1840களிலேயே இப்படி ஒன்றைச் செய்தார். ரப்பர் பூசிய துணியாலான அந்தப் படகைத் தரையில் மேலங்கியாக உடுத்தலாம். கைத்தடியே துடுப்பு, குடையே பாய். கடற்படை அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஆர்க்டிக்கை ஆராய்ந்த ஜோன் ரே அதன் அருமை அறிந்து பயன்படுத்தினார். அப்புறம் நெடுங்காலம் கழித்து, 1982இல் அலாஸ்காவில் நடந்த ஒரு காட்டுவழிப் போட்டியில் டிக் கிரிஃபித் என்பவர் பைக்குள்ளிருந்து காற்றுப்படகை எடுத்து ஆற்றைக் கடந்தார். மற்றவர்களுக்கும் அதன் பிறகுதான் இதில் நாட்டம் வந்தது.

இத்தனை மெல்லிய துணி ஆளைத் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானது. கணக்கு எளிது. ஆளும் மூட்டையுமாக 100 கிலோ என்றால், 100 லீற்றர் தண்ணீர் விலகினால் போதும், படகு மிதக்கும். சுற்றிவரும் குழாயின் கொள்ளளவு அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பாரத்தைத் தாங்குவது விலகும் நீர். துணியின் வேலை காற்றைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே. பம்பு கூடச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய துணிப்பையை விரித்துக் காற்றை வாரி, வாயை முறுக்கி, படகுக்குள் பிழிந்துவிட வேண்டும். கடைசி இறுக்கம் வாயால் ஊதுவது.

ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, இறுகியிருந்த படகு தொய்ந்துவிடும். ஓட்டையென்று பதற வேண்டாம், மறுபடி ஊதினால் சரியாகும். ஆபத்து இதற்கு நேர்மாறானது. நன்றாக ஊதிய படகைத் தெல்தெனிய வெயிலில் கரையில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போனால், காற்று விரிந்து தையல் பிரியலாம். கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

ஹுலு கங்கை நக்கிள்ஸ் சரிவுகளில் பிறந்து விக்டோரியாவில் கலக்கிறது. நீர்த்தேக்கத்தில் அந்த ஆறு கலக்கும் கிளையில் துடுப்பு வலித்து, ஆறு குறுகும் இடத்தில் படகைச் சுருட்டி, ஆற்றின் போக்கைப் பார்த்தபடி மேலே ஏறுவதுதான் என் மனதில் உள்ள பயணம். அணை நிரம்பும்போது நீர்மட்டம் கடலுக்கு மேல் 438 மீற்றர். நக்கிள்ஸ் சிகரம் 1,863 மீற்றர். இடையிலுள்ள சுமார் 1,400 மீற்றருக்குள் தேயிலை மலை, லயங்கள், கைவிட்ட ஏலக்காய் வாடிகள், முகில் உறையும் காடு எல்லாம் வந்துவிடும். இலை போன்ற மூக்குள்ள ஓணான் ஒன்று இந்தத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அணையில் தேங்கி மின்சாரமாகிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் காடு சேர்த்துத் தருவது. யுனெஸ்கோ 2010இல் இந்தக் காட்டை உலக மரபுரிமையாக ஏற்றதைவிட, இதைக் காக்க எனக்கு அந்த நீரே பெரிய காரணமாகத் தெரிகிறது.

நீரின் அடியில் ஊர் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 1985இல் திறந்த விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. வறட்சியில் மட்டம் இறங்கும்போது அதன் இடிபாடுகள் வெளியே வருகின்றன. மக்கள் வாழ்ந்த இடம் என்ற மரியாதையோடு கடக்க வேண்டும். நீர் குறைவான நாட்களில் சுவர் முனையும் மரக்கட்டையும் துணியைக் கிழிக்கும் என்ற எச்சரிக்கையோடும்.

பேக்ராஃப்ட் ஏரியில் வேகமானதல்ல. குட்டையாக இருப்பதால் துடுப்பு வலிக்கும் ஒவ்வொரு முறையும் படகின் முகம் திரும்பும். பின்பக்கம் மீன் துடுப்புப் போன்ற சிறு தகடு பொருத்தினால் அது குறையும். நீருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று இலகுவில் அடித்துச் செல்லும். ஆகவே விடியற்காலையில் இறங்கி, காற்று எழுமுன் கரை சேர வேண்டும். நடுவில் வெட்டிச் செல்வதைவிடக் கரையோரமே நல்லது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது. நீர்த்தேக்கத்தை நிர்வகிக்கும் மகாவலி அதிகாரசபையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அணைக்கட்டின் பக்கம் நெருங்கக் கூடாது. மலைக்கு வன இலாகாவின் சீட்டும், பாதை தெரிந்த உள்ளூர்த் துணையும் வேண்டும். முகில் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

கரையேறிய படகை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு மலைக்குக் கொண்டுபோனால் நீர்த்தேக்கத்தின் பாசியும் நத்தை முட்டையும் மேலேயுள்ள ஓடைக்குப் போய்ச் சேரும். அங்குள்ள மீனுக்கும் தவளைக்கும் ஒதுங்கிப் போக வேறு ஓடை கிடையாது.