இறுவட்டும் ஏட்டுச் சுவடியும்

ஏட்டில் எழுதிவிட்டால் நூல் என்றும் நிலைக்கும் என்று நம் முன்னோர் எண்ணினாரல்லர். செல்லும் ஈரமும் பனையோலையைத் தின்னும் என்பதை அவர்கள் அறிவர். ஆதலின், ஏடு பழுதுபடுமுன் அதனைப் பெயர்த்தெழுதி வைத்தலைக் கடமையெனக் கொண்டனர். சங்க நூல்கள் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் கைக்கு எட்டி அச்சேறியமை அக்கடமையின் பயனேயாம்.

பொத்துவில் தொடக்கம் கல்முனை ஈறாக உள்ள எம் கரையோர ஊர்களில் ஏட்டில் ஏறாத செல்வமும் ஒன்றுண்டு. வயலிலும் வீட்டிலும் முஸ்லிம் மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த கவிகளும் தாலாட்டுகளுமே அச்செல்வம். அவற்றுட் சில ஒலிநாடாக்களிற் பதிவாயின. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த கடற்கோள், இலங்கையில் அம்பாறை மாவட்டத்தையே மிகக் கொடிதாகத் தாக்கியது. வீடுகள் போனபோது வீட்டினுள் இருந்தவையும் போயின.

எஞ்சிய நாடா ஒன்றை என் மாணவன் ஒருவன் கணினியில் ஏற்றி, இறுவட்டாக்கித் தன் உம்மம்மாவிடம் கொடுத்தான். மறைந்த தம் தமக்கையாரின் குரலைக் கேட்க அம்மூதாட்டியார் ஆவலோடிருந்தார். வீட்டிலிருந்த பழைய கருவியோ வாய் திறக்கவில்லை.

காரணம் எளிது. 1980 இல் பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களும் இசை இறுவட்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்தன. ஒலியைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, சுருக்காது எழுதுதல் அவ்விலக்கணம். பழைய கருவிகள் அதனையன்றி வேறறியா. மாணவன் எழுதியது எம்பி3 என்னும் சுருக்கக் கோப்பு. கணினியில் ‘தரவு இறுவட்டு’ என்பதை விடுத்து, ‘ஒலி இறுவட்டு’ என்பதைத் தெரிந்து எழுதுதல் வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அடங்கிய வட்டில் அப்போது 80 நிமிடப் பாடல்களே அடங்கும். இறுதியில் வட்டினை நிறைவு செய்து மூடுதலும் வேண்டும். இவ்வாறு மீண்டும் எழுதியபின் கருவி பாடிற்று.

இறுவட்டை ‘எரித்தல்’ என்பது வெறும் அணிமொழி அன்று. லேசர்க் கதிர் வட்டினுள் இருக்கும் சாயப்படையைச் சூடாக்கியே குறியிடுகின்றது. சாயமாதலின் வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுக்கும். அப்படை மேற்பக்கத்துக்கு மிக அண்மையில் உள்ளது. அங்கே கூர்முனைப் பேனாவால் எழுதுதல் தகாது. பனையோலைக்குச் செல் எப்படியோ, இறுவட்டுக்கு வெயில் அப்படி என்க.

இன்னுமொன்று. எம்பி3 ஆகச் சுருக்கியதை மீண்டும் ஒலி இறுவட்டாக்கினால், கருவி பாடுமேயன்றி இழந்த நுட்பம் திரும்பாது. அடிகளை விட்டெழுதிய ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவன் விடுபட்ட அடிகளை எங்ஙனம் பெறுவான்? ஆகவே, நாடாவிலிருந்து முதன்முதற் பதியும்போதே சுருக்காத கோப்பாகப் பதிந்து, அதனையே மூலப்படியாகப் போற்றல் வேண்டும்.

இறுவட்டின் காலம் கழிந்து வருகின்றது; புதிய கணினிகள் பலவற்றில் அதனை இடும் வாயிலே இல்லை. ஆதலின் ஒரு வட்டோடு அமையாது, வேறு கருவிகளிலும் வேறு வீடுகளிலும் படிகள் இருத்தல் நன்று. ஏடெழுதினோர் சுவடியின் முடிவில் தம் பெயரும் நாளும் பொறித்தமை போல, நாமும் பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒவ்வொரு படியோடும் குறித்து வைப்போமாக. பெயரற்ற குரல், உரியவர் அறியாத உடைமையாகிவிடும்.