நீர்க்கடுப்புக்கு இளநீர் போதுமா? கல்லீரல் நோயாளிகள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

“சூடு பிடிச்சிருக்கும்... ரெண்டு இளநீர் குடி, சரியாப் போயிடும்.”

நீர்க்கடுப்பு என்றதும் பல வீடுகளில் வரும் முதல் பதில் இதுதான். திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் பகுதியிலும் இது அடிக்கடி கேட்கும் பேச்சு. ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்க வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் தொற்று வரும் வாய்ப்பு கூடும்.

6 மாதத்தில் 2 முறையோ, ஓராண்டில் 3 முறையோ வந்தால் அது ‘திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று’. கல்லீரல் நோயும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது.

கல்லீரலுக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு?

ரத்தத்தில் கலக்கும் கிருமிகளை வடிகட்டுவதும், அவற்றோடு போராடும் சில புரதங்களைத் தயாரிப்பதும் கல்லீரலின் வேலை. கல்லீரல் தழும்பேறி இறுகும் ‘சிரோசிஸ்’ நிலையில் இந்த இரண்டும் குறைந்துவிடும். சிறிய தொற்றுகூட சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

காய்ச்சல் வராமலும் இருக்கலாம்

சிலருக்குக் காய்ச்சலோ எரிச்சலோ தெரியாது. பகலில் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தடுமாறுவதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். “வயசாயிடுச்சு, குடிச்சிருப்பாரு” என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறைய தண்ணீர் குடிக்கலாமா?

அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால், அவர்கள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். வயிற்றில் நீர் கோத்து, ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்தவர்களுக்கு மருத்துவர் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லக்கூடும். அளவை அவரிடமே கேட்க வேண்டும்.

இளநீரிலும் கவனம் தேவை. வயிற்று நீர் வடியத் தரப்படும் ‘ஸ்பைரனோலாக்டோன்’ மாத்திரை உடலில் பொட்டாசியத்தைக் கூட்டும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அளவு மீறினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். கருவாட்டு உப்போ வயிற்று நீரை இன்னும் ஏற்றும்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா?

போன முறை மிச்சமான மாத்திரையைப் போடுவது கிருமிக்கு மருந்து எதிர்ப்பைப் பழக்கிவிடும். சில ஆன்டிபயாடிக்குகள் கல்லீரலையே பாதிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால், மருந்து தொடங்கும் முன் சிறுநீர் ‘கல்ச்சர்’ பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. அதேபோல, அறிகுறி எதுவும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. கர்ப்பிணிகள் இதில் விதிவிலக்கு.

எங்கே போவது?

பக்கத்தில் பொன்னேரி அரசு மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்குச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். எங்கே போனாலும் நீர்க்கடுப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், “ஈரல்ல பிரச்சினை இருக்குங்க” என்பதையும் சொல்லி, சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு காட்டுங்கள்.