கவிப் போரும் கவிப் புகழும்

பிழைப்பின் பொருட்டு ஹைதராபாத் வந்து குடியேறிய தமிழர்களாகிய நாம், நாம்பள்ளி வழியே எத்தனையோ முறை போய் வருகிறோம். அங்குள்ள யூசுபைன் தர்காவில் உருதுக் கவிஞர் இருவர் அடக்கமாகியிருப்பதை நம்மில் பலர் அறியோம். ஒருவர் தாக் தெஹல்வி. மற்றவர் அமீர் மீனாயி. வாழ்நாளெல்லாம் எதிரெதிரே நிறுத்திப் பேசப்பட்ட இருவரும் இன்று ஒரே மண்ணில் உறங்குகின்றனர்.

தாக் 1831இல் டெல்லியில் பிறந்து செங்கோட்டையில் வளர்ந்தவர். அமீர் லக்னோவைச் சேர்ந்தவர். டெல்லி பேச்சு வழக்கின் எளிமையைப் போற்றியது; லக்னோ சொல்லழகைப் போற்றியது. இருவரும் ராம்பூர் நவாப் கல்ப் அலி கானின் அவையில் ஒருங்கிருந்தமையால், ஊர்ப் பெருமையும் அவர்தம் போட்டியில் கலந்துகொண்டது. 1887இல் நவாப் மறைந்தார். மறு ஆண்டு தாக் ஹைதராபாத்தை நாடி வந்து, நெடுநாள் காத்திருந்து, ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் கவிதை ஆசானாக அமர்ந்தார். 'இந்துஸ்தானத்தின் புல்புல்' முதலிய பட்டங்கள் அவரைத் தேடி வந்தன.

இத்தகைய போட்டிக்குக் களமாக இருந்தது முஷாயரா என்னும் கவியரங்கம். நம் புலவர்களுக்கு ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்னதைப் போல, அங்கும் ஓர் அடியை முன்னதாகவே அறிவிப்பதுண்டு. அந்தச் சந்தத்திலும் இயைபிலும் அனைவரும் கஸல் இயற்றி வருவர். ஒரே அளவுகோலில் பலரையும் அளக்கும்போது ஒப்பீடு எழாமல் இருக்குமா? மூத்தவர் இறுதியில் பாடுவது மரபாதலால், வரிசையிலேயே மனத்தாங்கல் பிறக்கும். ஒவ்வோர் ஆசானுக்கும் மாணாக்கர் கூட்டம் உண்டு. தம் ஆசான் வாய் திறக்குமுன்பே 'வாஹ் வாஹ்' முழங்குவதும், மாற்றார் பாட்டில் இலக்கணப் பிழை தேடுவதும் அவர்தம் தொண்டு. புகழ் ஊதிப் பெருத்ததும் பகை முற்றியதும் பெரும்பாலும் இவர்களால்தான். ஆசான்கள் இருவருமோ ஒருவரையொருவர் மதித்தே வாழ்ந்தனர்.

ஆயினும் தாக்கின் பெருமை வெறும் ஆரவாரம் அன்று. இளைஞராயிருந்த இக்பால் தம் கஸல்களை அஞ்சலில் அனுப்பி அவரிடம் திருத்தம் பெற்றார். 1905இல் தாக் மறைந்தபோது இரங்கற்பாவும் பாடினார்.

அமீர் ஏற்ற பணி வேறு. உருது மொழிக்கு ஒரு பேரகராதி சமைக்க அவர் முயன்றார். அவர் காலத்தில் அச்சேறியவை 2 தொகுதிகளே. அவையும் முதல் எழுத்திற்குள்ளேயே அடங்கிவிட்டன. 1900இல் ஹைதராபாத் வந்த அவர், அவ்வாண்டிலேயே இங்கு காலமானார். அகராதி எழுதுபவனுக்கு எந்த அரங்கிலும் 'வாஹ் வாஹ்' கிடைப்பதில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டு, ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் அலையும் நம்மைப் போன்றோர்க்கு, முற்றுப்பெறாத அந்த உழைப்பின் அருமை நன்கு புரிகிறது.

இன்று எழுதிய கணத்திலேயே பாராட்டு வந்து குவிகிறது. நம் ஊர்ச் சங்கங்களிலும் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொள்ளும் பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. அவற்றைப் பெறும்போது நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம்: அன்று கைதட்டிய கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. கஸலும் அகராதியுமே எஞ்சி நிற்கின்றன.