மூடுபனியில் ஒலிக்கும் சோலை

நீலகிரி மலையின் உயர்ந்த பகுதிகளில், பரந்த புல்வெளிகளுக்கு இடையே உள்ள மடிப்புகளில் உயரம் குறைந்த மரங்கள் நெருங்கி வளர்ந்திருக்கின்றன. இக்காடுகளை மக்கள் சோலை என்றனர். அறிவியல் உலகமும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டது. மூடுபனி இறங்கினால் சில அடிகளுக்கு அப்பால் எதுவும் புலப்படாத இச்சோலைகளில் பறவைகளை நோக்குவது எவ்வாறு?

செவியே முதல் கருவி

இங்கு இருநோக்கிக்கு முன்னே செவி பணியாற்றுகிறது. புதருக்குள் பலர் கூடிச் சிரிப்பது போன்ற ஒலி எழுந்தால், அங்கே நீலகிரிச் சிரிப்பான்கள் உள்ளன என அறியலாம். விடியற்காலையில் தரையை ஒட்டிய இருளிலிருந்து சீழ்க்கை போன்ற இனிய பாடல் கேட்டால், அது சோலைக்கிளியாக இருக்கலாம். பெயரில் கிளி இருப்பினும் அது கிளி இனமன்று. பூச்சிகளை உண்டு வாழும் நீலநிறச் சிறுபறவை.

கணவாய் பிரித்த உறவுகள்

நீலகிரிச் சோலைக்கிளியின் வயிற்றுப் பக்கங்கள் செம்பழுப்பு நிறமுடையவை. ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழும் அதன் உறவினத்திற்கு அந்நிறம் இல்லை, வயிறு வெண்மையானது. இவ்விரு வாழிடங்களுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டிற்குத் தொடர்வண்டி செல்லும் அந்தத் தாழ்வான, வெப்பமான நிலம் குளிர்ச்சோலைப் பறவைகளுக்குக் கடத்தற்கரியது. நெடுங்காலம் பிரிந்திருந்தமையால் அவை தனித்தனி இனங்களாயின. 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இப்பறவைகளுக்கெனப் புதிய பேரினத்தை வகுத்து, ‘சோலையில் வாழ்வது’ எனப் பொருள்படும் ‘ஷோலிகோலா’ என்னும் பெயரைச் சூட்டினர்.

புதிய கணவாய்கள்

பாலக்காட்டுக் கணவாய் இயற்கை அமைத்தது. சோலைகளைத் துண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களும் சீகை, தைலமரத் தோப்புகளும் மனிதர் அமைத்த கணவாய்கள். இவற்றின் இருபுறமும் சிக்கிய சிறு பறவைக்கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்க இயலாமல் நலிகின்றன. நீலகிரிச் சோலைக்கிளி இன்று அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

ஆகவே, பறவை நோக்குதல் பொழுதுபோக்கு மட்டுமன்று. எங்கே, எப்போது, எத்தனை பறவைகள் என்னும் குறிப்பு, எச்சோலை உயிர்ப்புடன் உள்ளது என்பதற்குச் சான்றாகிறது. 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவரும் பங்கேற்கலாம். பதினைந்து நிமிடக் கவனிப்பே போதுமானது. பறவையை வெளியே வரவழைக்கப் பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்தல் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் அது பறவையைக் கூட்டிலிருந்து விலக்கிவிடும். அமைதியாக நின்று கேட்டவற்றை எழுதுக. சென்ற ஆண்டு ஒலித்து இவ்வாண்டு கேளாத குரலையும் குறித்து வைக்க. சோலைக்கு நேர்ந்ததை முதலில் உணர்த்துவது அதுவாக இருக்கக்கூடும்.