கைக்குத் தெரிந்த வேலைக்குக் காகிதம் எங்கே?

கட்டிங் பிளேயர் வாங்கப் போகிறவர் பிடியை அழுத்திப் பார்ப்பார், வாயைத் திறந்து மூடிப் பார்ப்பார், விலை பேசுவார். பிடியில் என்ன குறி இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. பிடிமானத்துக்காக மட்டும் போட்ட உறையும் உண்டு. மின்காப்புக்கென்றே சோதித்துப் போட்ட உறையும் உண்டு. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரப்படி செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற பதிவும் இருக்கும். அப்படிப்பட்ட கருவியைத் தண்ணீரில் வைத்து, 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே வெளியே விடுவார்கள். அந்த உறைக்கும் கீறல் விழும்வரைதான் மதிப்பு. கீறலின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது நம் ஊர் வழக்கம். டேப் சுற்றிய பிளேயர் கரண்டைப் பொறுத்தவரை வெறும் இரும்புதான்.

டெஸ்டரின் கதை இன்னும் மோசம். அதற்குள் ஒரு சிறிய நியான் விளக்கும், அதோடு தொடராக ஒரு பெரிய ரெசிஸ்டரும் இருக்கின்றன. நம் உடம்பு வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் தரைக்குப் போனால்தான் விளக்கு எரியும். மொட்டை வெயிலில் எரிவது கண்ணுக்குத் தெரியாது. மர ஏணியின் உச்சியில் நின்றால் எரியாமலும் போகலாம். பக்கத்து வயரின் தூண்டலால், இணைப்பே இல்லாத வயரிலும் லேசாக மினுக்கும். ஆக, டெஸ்டர் எரியவில்லை என்பதற்காகக் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கரண்ட் இருக்கும் என்று தெரிந்த பாயிண்டில் முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யப்போகும் வயரைச் சோதித்து, மறுபடி தெரிந்த பாயிண்டுக்குப் போய்ச் சோதிப்பதுதான் முறை. சீரீஸ் லேம்ப், மல்டிமீட்டர் இரண்டும் டெஸ்டரைவிட நம்பத் தகுந்தவை.

இதையெல்லாம் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு யார் போய்ச் சொல்வது? அங்கேதான் சிக்கல். இந்தத் தொழிலை நம்மில் பெரும்பாலோர் புத்தகத்தில் படிக்கவில்லை. மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ கையாளாகப் போய், சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, ஸ்பிரிங் விட்டு வயர் இழுத்து, கண்ணால் பார்த்துக் கையால் கற்றது. அப்படிக் கற்ற கைக்கு நுட்பம் நிறையத் தெரியும். பிளேயரின் பற்களுக்குள் வயரை வைத்து, செம்பில் கீறல் படாமல் மேலுறையை மட்டும் நறுக்கி இழுப்பதற்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். செம்பில் கீறல் விழுந்தால் அந்த இழை பின்னாளில் அங்கேயே முறியும், அந்த இடம் சூடேறும். திருகாணியில் வயரைச் சுற்றும்போது கடிகாரச் சுற்றில் வளைத்தால், இறுக்க இறுக்க வயர் உள்ளே போகும். எதிர்ச்சுற்றில் வளைத்தால் வெளியே பிதுங்கும். பார்க்கச் சின்ன விஷயம். பழுப்பேறிக் கருகிய பல சுவிட்ச் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது இப்படி ஒரு தளர்ந்த திருகாணிதான்.

அதே கையாள் படிப்பில் கெட்ட பழக்கமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. வயரைப் பல்லால் கடித்து உரிப்பது ஒன்று.

"அண்ணே, மெயினை இறக்கட்டுமா?"

"ரெண்டு நிமிஷ வேலைடா, வீட்டுக்காரம்மா டி.வி. பாத்துட்டிருக்காங்க."

இந்தப் பேச்சு கேட்காத வேலையிடம் இருக்காது. காய்ந்த கை, ரப்பர் செருப்பு, மர ஸ்டூல் என்று எல்லாம் கூடிவரும் நாட்களில் லேசாக ஒரு உதறலோடு போய்விடும். அதையே அனுபவம் என்று எண்ணிக்கொள்கிறோம். வியர்த்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த பிடியைக் கையால் விட முடியாமல் போகும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, தரைக்கு எதுவும் கசியாவிட்டால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான்; விழாது. மெயினை இறக்குவதற்கு மாற்று கிடையாது.

இனி காகிதத்துக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கீழ், அனுமதி பெற்ற ஆட்கள்தான் அதைச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவது மின் உரிம வாரியம். ஐ.டி.ஐ. படிக்காதவருக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுதான் அது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உச்ச வயது வரம்பு இல்லை. ஐம்பது வயதில் எழுத வெட்கப்படுகிறவர்கள் உண்டு. தம்பி வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வேண்டுமே என்ற அந்தத் தயக்கத்துக்குப் பல குடும்பங்கள் பின்னால் பெரிய விலை கொடுக்கின்றன.

விபத்து நடந்த மறுநாளே "அவன் என் ஆளே இல்லை" என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவார். அப்போது பேச வேண்டியது சாட்சியமும் காகிதமும். கூலி கைக்கு வந்தால் தேதி, இடம், தொகையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜிபேயில் வந்தால் இன்னும் நல்லது. நாளை எங்கே வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். ஷாக் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வேலையிடத்தில் நடந்தது என்று சொல்லிப் பதிவு செய்ய வைத்து, விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்குங்கள். "வீட்டில் விழுந்துவிட்டான் என்று சொல்லுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது காதோடு சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி இழப்பீட்டையே கரைத்துவிடும். மின் விபத்தில் உயிர் போனாலோ காயம் பட்டாலோ மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு சொல்கிறது. அவருடைய அறிக்கை உங்கள் வழக்குக்குப் பெரிய பலம்.

வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்குவார்கள். கணக்குக்கான சம்பள உச்சவரம்பை 2020-இல் 15,000 ரூபாய் ஆக்கினார்கள். முப்பது வயதுக்குக் காரணி 207.98. அந்தக் கணக்கில் 15,59,850 ரூபாய் வரும். ஒரு கையின் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணையே சொல்கிறது. உங்களை வேலைக்கு வைத்த துணை ஒப்பந்தக்காரரிடம் பணம் இல்லை என்றால் அவருக்கு வேலை கொடுத்த பில்டரிடம் கேட்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி என்றால் பாதை வேறு, இழப்பீட்டை இ.எஸ்.ஐ.யே தரும்.

"கிளவுஸ் போடச் சொன்னேன், போடவில்லை" என்பது வழக்கமாக வரும் பதில். கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறியது அல்லது பாதுகாப்புக் கருவியைக் கழற்றியது நிரூபணமானால்தான் பிரச்சினை. மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்த வாதத்துக்கும் இடமில்லை.

தனியாக வேலை எடுத்து, கூட இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு ஓடுகிற வயர்மேன்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த ரேட்டுக்கு வேலையை ஒப்புக்கொண்டவுடன் சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் முதலாளி. பையனுக்கு ஏதாவது ஆனால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அவனைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைக்க உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. 18 வயது முடிந்தவர் சேரலாம். மாவட்டத் தொழிலாளர் நலத் துறையில், சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான அலுவலகத்தில் கேட்டால் போதும். கட்டடச் செலவில் ஒரு சதவீதமாக வசூலாகும் செஸ் பணம் இந்த வாரியத்துக்குத்தான் போகிறது. அட்டையை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, விபத்துக்குப் பிறகு தேடுகிறவர்கள் நிறைய.

வீட்டுக்காரர்களும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உரிம எண் என்ன? புது இணைப்புக்கான வயரிங் அறிக்கையில் உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும் என்பதால், வேலையைப் பார்க்காமலே கையெழுத்தை மட்டும் காசுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த அறிக்கையில் எர்த் சோதனையும் இன்சுலேஷன் சோதனையும் நடந்ததாக எழுதியிருக்கும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டரோடு ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்ததாக உங்களுக்கு நினைவில்லை என்றால், அந்தச் சோதனை நடக்கவில்லை. மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகும்போது நோட்டு, ஏ.ஆர். காப்பி, செல்போன் மூன்றையும் எடுத்துப் போங்கள்.